ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன், டாக்டர்!

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி), சிறுநீர்ப்பை சம்பந்தமான கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் என்று டெல்டா முழுக்க இருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. தொந்தரவு ஆளுக்கொன்றாக இருந்தாலும், கடைசியில் பலரும் கேட்பது ஒன்றுதான்: இந்த மருந்து நிஜமாகவே கேட்குமா, அது எப்படித் தெரியும்? மாதாமாதம் கைக்காசைப் போட்டு மாத்திரை வாங்குகிறவர் இதைக் கேட்கத்தான் வேண்டும். அதனால் இந்த முறை பதிலோடு, அதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியையும் சேர்த்தே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: வயது 68, ரிட்டையர்டு ஆசிரியர், மன்னார்குடி பக்கம் கிராமம். ராத்திரியில் நாலு தடவை, சில நாள் அஞ்சு தடவை எழுந்து போகிறேன். ஸ்கேனில் 'கிரேடு 2 புராஸ்டேட் வீக்கம், கழித்த பிறகு 60 மில்லி மிச்சம்' என்று வந்தது. டாம்சுலோசினும் டூட்டாஸ்டிரைடும் சேர்ந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் ஆகிறது, கொஞ்சம்தான் வித்தியாசம். வெளிநாட்டில் இருக்கும் மகன் 'சா பால்மெட்டோ' என்ற மூலிகை கேப்சூல் அனுப்பியிருக்கிறான், பக்க விளைவே இல்லையாம். இதை நிறுத்திவிட்டு அதை ஆரம்பிக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா, அதுவும் ஒன்றரை மாதத்தில் நிறுத்தவே கூடாது. உங்கள் மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது. டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் வாயில் இருக்கும் தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே வேலை தெரியும், நீங்கள் சொல்லும் அந்தக் 'கொஞ்சம் வித்தியாசம்' இதனால் வந்ததாகத்தான் இருக்கும். டூட்டாஸ்டிரைடு சுரப்பியையே மெல்லச் சுருக்குகிற மருந்து. அது தன் முழு வேலையைக் காட்ட ஆறு மாதமாவது ஆகும். பலர் இரண்டாவது மாதத்திலேயே 'கேட்கவில்லை' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதாவது அது வேலையைத் தொடங்கும் நேரத்தில்.

இந்த மருந்துகளை எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவில் இதே தொந்தரவு உள்ள 3047 ஆண்களைக் குலுக்கல் முறையில் நாலு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தளர்த்தும் மருந்து, இன்னொன்றுக்குச் சுருக்கும் மருந்து, மூன்றாவதுக்கு இரண்டும், நாலாவதுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று கொடுத்து, சராசரியாக நாலரை வருஷம் கவனித்தார்கள். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. 2003இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால், இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு 66 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் பலன். இன்னொன்றும் தெரிந்தது: திடீரென்று அடைத்துக்கொள்வதையும் ஆபரேஷனுக்குப் போவதையும் நீண்ட நாளில் தடுத்தது சுருக்கும் மருந்துதான், தளர்த்தும் மருந்து தனியாக அதைச் செய்யவில்லை. 2010இல், உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே ஜோடியை 4844 பேரிடம் நாலு வருஷம் பார்த்த இன்னொரு ஆய்வின் முடிவும் இதையே சொன்னது.

ஆனால் அந்த இரண்டாவது ஆய்வில் புராஸ்டேட் 30 மில்லிக்கு மேல் பெருத்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அதனால் ரிப்போர்ட்டில் 'கிரேடு' என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்காமல், எத்தனை கிராம் அல்லது மில்லி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 30க்குக் கீழே என்றால் சுருக்கும் மருந்து தேவைதானா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம், ஏனென்றால் அது சிலருக்குத் தாம்பத்திய ஆசையையும் விந்தின் அளவையும் குறைக்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் மாத்திரை எழுதிக் கொடுப்பது சரியில்லை என்பது என் கருத்து.

மகன் அனுப்பிய கேப்சூலுக்கு வருகிறேன். அவர் அன்போடு அனுப்பியிருக்கிறார், ஆனால் சா பால்மெட்டோவையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. 2006இல் 225 பேரிடம் ஒரு வருஷம் பார்த்ததில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. 'அளவு போதவில்லை' என்று சிலர் சொன்னார்கள். அதையும் விடாமல், வழக்கத்தைப்போல மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுத்து 369 பேரிடம் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு அதே பதில்தான். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஓரளவு குறைந்தது என்பதைக் கவனியுங்கள். 'நான் சாப்பிட்டேன், எனக்குச் சரியாச்சு' என்று ஒருவர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் எதனால் சரியானது என்பது அவருக்கும் தெரியாது.

அப்புறம் உங்கள் முக்கியமான தொந்தரவு, அந்த நாலு தடவை. நான் சொன்ன 3047 பேர் ஆய்வில் ராத்திரி எழுந்திருப்பது எவ்வளவு குறைந்தது என்று தனியாகக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு வருஷ முடிவில், இரண்டு மருந்தும் சாப்பிட்டவர்களுக்குக்கூடச் சராசரியாக ஒரு தடவைகூட முழுசாகக் குறையவில்லை. ஆகவே ராத்திரி எழுந்திருப்பதற்கு முழுப் பழியையும் புராஸ்டேட் மேல் போட முடியாது. சர்க்கரை, இதயம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், சாயங்காலம் கால் வீக்கம், இதில் எதுவும் காரணமாகலாம். பகல் முழுக்க நின்றோ நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டோ இருந்தால் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கி பாத்ரூமில் வையுங்கள். மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் அதில் பிடித்து, மணியையும் மில்லியையும் ஒரு பழைய டைரியில் எழுதுங்கள். குடித்த தண்ணீர், காபி, மோர் எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். படுத்த பிறகு போனதையும் காலையில் எழுந்ததும் முதலில் போவதையும் கூட்டினால் அது அன்றைய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா? தாண்டினால், உங்கள் உடம்பு ராத்திரியில் அதிகமாகச் சிறுநீர் உண்டாக்குகிறது, அதற்கு வைத்தியம் வேறு. ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லி என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் பிரச்சினை பையிலோ புராஸ்டேட்டிலோ. அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வையுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பதையும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காபி, டீயை நிறுத்துவதையும் இன்றைக்கே தொடங்கலாம்.

கேள்வி: திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். அப்பாவுக்கு 72. சளி பிடித்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார், மறுநாள் சுத்தமாக யூரின் வரவில்லை, அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். அன்றைக்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 11 என்று வந்தது. கேன்சராக இருக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். உடனே சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமா?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த 11ஐ வைத்து இப்போது எதையும் முடிவு செய்ய முடியாது. பி.எஸ்.ஏ. புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதம். கேன்சரில் ஏறும், சாதாரண வீக்கத்திலும் ஏறும், கிருமித் தொற்றிலும் ஏறும். சிறுநீர் அடைத்து டியூப் போட்ட நேரத்தில் கட்டாயம் ஏறியிருக்கும். அன்றைக்கு அதை எடுத்திருக்கவே வேண்டாம். எல்லாம் ஆறிய பிறகு, சுமார் ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். அதற்குள் சிறுநீரில் கிருமி இருந்தால் அதையும் சரிசெய்துவிட வேண்டும். அப்பாவுக்கு டூட்டாஸ்டிரைடோ ஃபினாஸ்டிரைடோ ஆரம்பித்தால் அதை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு வையுங்கள், ஏனென்றால் ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாக இறங்கிவிடும். அப்போது வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

திரும்ப எடுத்தும் அதிகமாகவே இருந்தால், விரல் விட்டுப் பரிசோதித்துவிட்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் அதைக் குறிவைத்து சதை எடுக்கலாம். 2018இல் வந்த ஓர் ஆய்வில் 500 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நேராகப் பழைய முறையில் சதை எடுத்தார்கள், மறு பாதிக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ. பிரிவில் நூற்றுக்கு 28 பேருக்குச் சதை எடுக்கவே தேவைப்படவில்லை. அப்படி இருந்தும் சிகிச்சை தேவைப்படுகிற கேன்சர் அந்தப் பிரிவில்தான் அதிகம் பிடிபட்டது, 100க்கு 38, பழைய முறையில் 26. பேசாமல் விட்டுவிடக்கூடிய சின்னக் கேன்சரைத் தோண்டி எடுத்துப் பயமுறுத்துவதும் குறைந்தது. மன்னார்குடி, திருவாரூரைவிட்டுத் தஞ்சாவூர் வரை ஒரு நடை போக வேண்டியிருக்கலாம், போய் எடுப்பதில் லாபம் உண்டு.

ஒருவேளை கேன்சர் என்றே வந்தாலும், புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தால், அவசரம் வேண்டாம். இங்கிலாந்தில் 50 முதல் 69 வயதுக்குள் இருந்த 1643 பேர், மூன்று வழியில் எது தங்களுக்கு விழுந்தாலும் சரி என்று சம்மதித்தார்கள்: ஆபரேஷன், கதிர்வீச்சு, அல்லது எதுவும் செய்யாமல் நெருங்கிக் கண்காணிப்பது. 15 வருஷம் கழித்து, 2023இல் கணக்குப் பார்த்தபோது, அந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை, பிரிவுகளுக்கு இடையே சொல்லிக்கொள்கிற வித்தியாசமும் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு வேறு இடங்களுக்குப் பரவுவது சுமார் இரண்டு மடங்கு அதிகம் என்பதும் உண்மை, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிற்பாடு சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் இரண்டு மூன்று மாதம் யோசித்து, இன்னொரு டாக்டரையும் கேட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. நிலத்தை அடமானம் வைத்து அடுத்த வாரமே ஆபரேஷன் என்று ஓட வேண்டிய நிலைமை பெரும்பாலும் வராது.

டியூபைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தளர்த்தும் மாத்திரையை இரண்டு மூன்று நாள் கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். அல்ஃபூசோசின் என்ற மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில், டியூப் எடுத்ததும் தானாகப் போக முடிந்தவர்கள் 100க்கு 62 பேர், வெற்று மாத்திரையில் 48 பேர். முதல் தடவை போகவில்லை என்றால் மனம் விடாமல் இன்னொரு தடவை முயற்சி செய்யலாம். மூக்கடைப்புக்கும் சளிக்கும் கொடுக்கிற பல மாத்திரைகள் புராஸ்டேட் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். அப்பா இனிமேல் மெடிக்கலில் சளி மாத்திரை கேட்கும்போது 'எனக்கு புராஸ்டேட் இருக்கு' என்று முதலில் சொல்லட்டும்.

கேள்வி: பட்டுக்கோட்டை. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்துவதைவிட, கண் டாக்டரிடம் சொல்வதுதான் முக்கியம். இந்த மருந்து கண்ணின் கருவிழித் திரையையும் தொளதொளவென்று ஆக்கிவிடும், ஆபரேஷன் நடுவில் கண்மணி (கண் பாப்பா) சுருங்கிக்கொள்ளும். 2005இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நிறுத்திவிட்டுப் போனாலும் பல நாள் கழித்துக்கூட இது வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற மருந்தும் கருவியும் எடுத்து வைத்துக்கொண்டு பத்திரமாகச் செய்துவிடுவார்கள். முகாமுக்குப் போகும்போது மாத்திரை அட்டையையே கையில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: நீடாமங்கலம் பக்கம். எனக்கு 36 வயது, நடவுக்கும் களை எடுக்கவும் போகிறேன். வருஷத்தில் நாலைந்து தடவை நீர்க்கடுப்பு வருகிறது, எரிச்சல் தாங்கவில்லை. வயலில் ஒதுங்க மறைவு கிடையாது, அதனால் காலையில் வேலைக்கு இறங்கினால் மதியம் வரை தண்ணீரே குடிக்க மாட்டேன். என் மாமியாருக்கும், 63 வயது, இதே தொந்தரவு அடிக்கடி. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடுகிறது, திரும்ப வருகிறது.

பதில்: உங்கள் கேள்வியிலேயே காரணமும் இருக்கிறதம்மா. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் பைக்குள் கிருமி பெருகத்தான் செய்யும். தண்ணீர் குடித்தால் குறையும் என்பதைப் பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பல்கேரியாவில், உங்களைப் போலவே அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற, மாதவிலக்கு நிற்காத 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள், மற்றவர்கள் வழக்கம்போல. ஒரு வருஷத்தில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. மாத்திரை இல்லாமலே ஏறக்குறைய பாதி. 2018இல் வெளியான ஆய்வு இது.

இதை எழுதும்போது எனக்குக் கோபமாகவும் இருக்கிறது. பத்துப் பதினைந்து பெண்கள் இறங்கி நாள் முழுக்க நடவு நடுகிற இடத்தில், ஒதுங்குவதற்கு நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் கட்டிக் கொடுக்க நிலத்துக்காரருக்கு எவ்வளவு செலவாகிவிடும்? 'தண்ணீர் குடிங்க' என்று சொல்லி அனுப்புகிற நாங்களும் குடித்த பிறகு எங்கே போவீர்கள் என்று கேட்பதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து, வேலைக்கு ஆள் கூட்டி வருகிற கொத்தனாரிடமோ நிலத்துக்காரரிடமோ இதைக் கேளுங்கள். அதுவரை, வயலில் இறங்கும் முன் ஒரு சொம்பு, மதியம் கரையேறியதும் இரண்டு சொம்பு, சாயங்காலம் வீட்டில் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் அடக்காதீர்கள்.

மெடிக்கலில் வாங்கும் இரண்டு மாத்திரை கிருமியைப் பாதி கொன்று, மீதியைப் பழக்கிவிடும். அடுத்த தடவை எரிச்சல் வந்ததும் மாத்திரை போடுவதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைக் கொடுத்து, கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த மருந்துக்குக் கேட்கும் என்று அதில் தெரியும். குளிர் காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாமியாருக்கு வழி வேறு. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து, நல்ல கிருமி போய்க் கெட்ட கிருமி குடியேறுகிறது. அந்த இடத்தில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீமை 93 பெண்களிடம் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். கிரீம் தடவியவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 0.5 தடவை, வெற்று கிரீம் தடவியவர்களுக்கு 5.9 தடவை. இவ்வளவு பெரிய வித்தியாசம் ஆய்வுகளில் அபூர்வம். ஆனாலும் வெட்கத்தால் கேட்பதும் இல்லை, எழுதிக் கொடுப்பதும் இல்லை. மார்பகக் கேன்சர் வந்தவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நீங்களே மாமியாரை மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: புராஸ்டேட் கேன்சர் வராமல் இருக்க வைட்டமின் ஈ மாத்திரை தினமும் போடலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். 35,533 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கேன்சர் 17 சதவீதம் கூடியது.

கேள்வி: நாகப்பட்டினம். என் அண்ணனுக்கு 57 வயது, கடலுக்குப் போகிறவர், நாள் ஒன்றுக்கு ஒரு கட்டு பீடி. இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் சிறுநீர் முழுச் சிவப்பாகப் போனது, வலியே இல்லை, மறுநாள் தானாக நின்றுவிட்டது. சூடு என்று இளநீர் குடித்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது திரும்ப வந்திருக்கிறது. ஸ்கேனில் பையில் ஒரு சின்னக் கட்டி என்கிறார்கள், எடுத்த பிறகு 'காசநோய் ஊசி மருந்தை' உள்ளே விடுவார்களாம். அவருக்குக் காசநோயே இல்லையே?

பதில்: வலி இல்லாமல் ரத்தம் போவதுதான் சிறுநீர்ப்பைக் கேன்சரின் முதல் அடையாளம், தானாக நிற்பதும் அதன் குணம்தான். நின்றுவிட்டது என்று யாரும் சும்மா இருக்கக் கூடாது, ஒரு தடவை வந்தாலும் ஸ்கேனும் பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் வேண்டும். புகையில் இருக்கும் விஷப்பொருள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக இறங்கிப் பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. இந்தக் கேன்சரில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் புகைதான். கட்டியை எடுத்த பிறகும் பீடியைத் தொடர்ந்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும். அண்ணனிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அவர்கள் சொன்ன மருந்து பி.சி.ஜி. குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிற அதே தடுப்பூசியில் இருக்கும் வீரியம் குறைந்த கிருமி. இதன் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து பி.சி.ஜி.யை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை அதில்தான் தெரிந்தது. அதே மருந்தை 1976இல் கனடாவில் மொராலெஸ் என்ற டாக்டர் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்த்து, கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று எழுதினார். பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. பையின் உட்சுவரில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது கிளப்பிவிட, அந்தச் சக்தி மிச்சமிருக்கும் கேன்சர் செல்களைத் தேடி அழிக்கிறது. இன்றும் தசைக்குள் இறங்காத, ஆனால் வீரியமான கட்டிக்கு இதுதான் முதல் சிகிச்சை.

மெல்லிய டியூப் வழியாக மருந்தை விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். அதன் பிறகும் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும், பலர் எரிச்சலுக்குப் பயந்து ஆறோடு நிறுத்திவிடுகிறார்கள், அது கூடாது. மருந்து விட்ட அன்று கழிப்பறையில் பிளீச்சிங் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் உடனே தெரியப்படுத்த வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் முதலிலேயே காட்டுங்கள்.

கேள்வி: தஞ்சாவூர். அப்பாவுக்கு 64, அவசரமாக வருகிறது, பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுகிறது. ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். பல பக்கத்துக்குத் தமிழில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பா 'உன் அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்' என்கிறார். சேரலாமா?

பதில்: சித்தப்பாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நம் நாட்டில் சொல்லாமல் கொள்ளாமல் சோதனை நடந்ததும் உண்டு, சட்டம் கடுமையானதற்கு அதுவும் காரணம். ஆனால் மேலே நான் சொன்ன ஒவ்வொரு எண்ணும், அப்பாவைப் போல ஒருவர் யோசித்து, கையெழுத்துப் போட்டு உள்ளே போனதால் கிடைத்தது. தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1956இல் சென்னையில், காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்தில் படுக்க வைத்தும், பாதிப் பேரை அவர்களுடைய நெருக்கமான சின்ன வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் வழி திறந்தது.

'ஏன் ஒப்பிட வேண்டும், நல்ல மருந்து என்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதுதானே' என்று தோன்றும். புராஸ்டேட்டை நூல் போட்டு இழுத்து வழிவிடும் ஒரு சின்ன சிகிச்சையை 206 பேரிடம் சோதித்தபோது, ஒரு பகுதியினருக்குக் கருவியை உள்ளே விட்டு எதுவும் செய்யாமல் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் நிஜ சிகிச்சைக்காரர்களின் தொந்தரவு மதிப்பெண் (மொத்தம் 35) 11 குறைந்தது, எதுவும் செய்யப்படாதவர்களுக்கும் கிட்டத்தட்ட 6 குறைந்தது. ஒப்பிடாமல் விட்டிருந்தால் அந்த ஆறையும் சிகிச்சையின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள்.

சேர்வதா வேண்டாமா என்பது அப்பாவின் முடிவு. ஆனால் கையெழுத்துக்கு முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டின் எண் இருக்கிறதா? 2009 ஜூன் முதல் நம் நாட்டில் நடக்கும் ஆய்வுகள் அதில் பதிவாக வேண்டும், 'சி.டி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் எண், இணையத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா? இரண்டு பிரிவிலும் கொடுப்பது என்ன, வெற்று மாத்திரை உண்டா? அப்பாவுக்கு வயதாகிறது என்பதால் இன்னொன்று: அவசரத்தை அடக்கும் பழைய மாத்திரைகள் சிலருக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி கொடுக்கும், சிறுநீரை அடைக்கவும் செய்யும், அதைக் கண்காணிக்க என்ன ஏற்பாடு? 2019இல் வந்த விதிகளின்படி, ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும், அதைப் படிவத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்? ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்கிற டாக்டரின் நம்பர் எது?

இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற இடம் என்றால் தைரியமாகச் சேரலாம், பரிசோதனைகளும் கவனிப்பும் வழக்கத்தைவிட அதிகமாகவே கிடைக்கும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் அந்த ஆஸ்பத்திரியில் சாதாரண வைத்தியம் நிற்கக் கூடாது. 'இப்பவே போடுங்க' என்று அவசரப்படுத்தினால் மட்டும் போடாமல் வந்துவிடுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, சித்தப்பாவையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

கேள்வி: காரைக்கால். எனக்கு 45 வயது. பிரியாணியோ பரோட்டாவோ சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் பால் மாதிரி வெள்ளையாகப் போகிறது, சில நேரம் கட்டியாகவும். ஆண்மை போகிறது என்று ஒருவர் லேகியம் விற்றார். லேபில் கொடுத்தால் நார்மல் என்கிறார்கள்.

பதில்: லேகியத்தை நிறுத்துங்கள், இது விந்து போவது இல்லை. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீர், சிறுநீர்க் குழாய்க்குள் கசிகிறது. கொழுப்பு சாப்பிட்ட மறுநாள் கூடுவது அதனால்தான். நம் பகுதியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் யானைக்கால் நோயைக் கொடுக்கும் அதே புழு, கொசு வழியாக எப்போதோ உடம்பில் ஏறி நிணநீர்க் குழாயை அடைத்திருக்கும். கால் வீங்காமலே இப்படி வரலாம். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், 1980களில் காரைக்காலில் அந்தப் புழுவுக்கான டி.இ.சி. மருந்தைச் சமையல் உப்பில் கலந்து ஊர் முழுக்கக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள், ரத்தத்தில் புழு இருப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வீடு வீடாக அந்த உப்பைப் போட்டுச் சமைத்தவர்களால் வந்த பலன் அது.

உங்களுக்கு டி.இ.சி. மாத்திரையும், எண்ணெய், கொழுப்பைக் குறைத்த சாப்பாடும் முதல் படி. தேங்காய், நெய், வறுவல் எல்லாம் சில மாதம் ஒதுங்கட்டும். பலருக்கு இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் கேமரா வழியாகப் போய், கசியும் இடத்தை மருந்து விட்டு மூடுகிற முறை இருக்கிறது, பெரிய ஆபரேஷன் அரிதாகத்தான் வேண்டியிருக்கும். லேபுக்கு நீங்கள் தெளிவாகப் போன நாளில் கொடுத்திருப்பீர்கள். வெள்ளையாகப் போகும் அன்றைக்கே ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள், 'கொழுப்பு இருக்கிறதா பாருங்கள்' என்று சீட்டில் எழுதி வாங்கிப் போங்கள். புழு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க ராத்திரி பத்து மணிக்கு மேல் எடுப்பார்கள், அதற்கும் சேர்த்தே தேதி கேட்டுக்கொள்ளுங்கள்.